வெறும் வயிறு

கம்பைநல்லூர் புளி மண்டியின் கிடங்கில் முப்பது பெண்கள் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. புளி திருட்டுப் போய்விடும் என்று, காலையில் பூட்டினால் உச்சிப்பொழுதுக்குத்தான் மேஸ்திரி திறப்பான்; ஒவ்வொருத்தி மடியையும் உதறச் சொல்லிப் பார்த்துத்தான் வெளியே விடுவான். கோவிந்தம்மாளுக்கு வயிற்றைப் பிசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

உலகச் சண்டை நடந்த காலம். ரேஷன் கூப்பன் கடையில் போட்ட புழுத்த சோளத்தைத் தின்று பங்குனியில் அவளுக்குப் பேதி கண்டது. அன்று கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் சேலையோடு போய்விட்டது.

பேதி நாலு நாளில் நின்றது. ஆனால் அதிலிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும், நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பில் வயிறு இன்னும் மோசமாகும். தூக்கம் போயிற்று. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. ஒருநாள் கிணற்றை எட்டிப் பார்த்தபடியே நின்றவளை, பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டும் செல்லி கையைப் பிடித்து இழுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நடந்ததையெல்லாம் கேட்டார்.

"மனசுல இருக்கற பயம்தாம்மா வயித்துல எறங்குது. நெனச்சப்ப வெளிய போலாம்னு இருந்தாலே பாதி கொறஞ்சிடும்" என்று மேஸ்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மேஸ்திரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உனக்குத் தொறந்தா அத்தன பேருக்கும் தொறக்கணும். தின்னாத்தான போவணும்? திங்காம வா."

"வேலைய விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க சாமி" என்றாள் கோவிந்தம்மாள்.

அவன் சொன்னபடியே செய்தாள். முந்தின நாள் பொழுது சாயும்போது ரெண்டு வாய் கூழ், அதோடு சரி. வெறும் வயிறும் கலங்கத்தான் செய்தது. அந்த ரெண்டு வாயையும் விட்டாள்.

"இப்பிடியே கெடந்தா செத்துப் போயிருவ அக்கா" என்றாள் செல்லி.

"தண்ணி குடிச்சாக்கூட பயமா இருக்குது, புள்ள."

ஆடி மாதம் ஒருநாள், கல்லை ஓங்கிய கை தொய்ந்து விழ, புளிக் குவியல் மேல் சாய்ந்தாள். பெண்கள் எல்லோரும் கதவை இடித்தார்கள். மேஸ்திரி ஓடிவந்து திறந்தான். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். நாலு பேர் தேவைப்படவில்லை.

"நில்லுங்க" என்றான் மேஸ்திரி.

தொங்கிய தலையைச் செல்லி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிற்க, அவன் குனிந்து கோவிந்தம்மாளின் மடியை அவிழ்த்து உதறிப் பார்த்தான்.