நோ விட்ட பின்னேரம்

காலையில் வாவியைக் கடக்கும்போதே சீதேவிப்பிள்ளைக்கு மானம் போய்விட்டது.

பாதை என்று எல்லோரும் சொல்லும் அந்த எஞ்சின் பூட்டிய மிதவையில், நாலு ஊர்ச் சனத்துக்கு நடுவில், மருமகன் கனகசிங்கத்தின் முதுகில் அவள் நெல்மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தாள். மகள் கண்ணகையைக் கட்டி அவள் வீட்டிலேயே குடியிருப்பவன்தான் அவன். ஆனாலும் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசியது கிடையாது. "அவருக்குச் சோத்தைப் போடு புள்ள" என்று இவள் மகளிடம் சொல்வாள். "மாமிக்கிட்டக் கேள்" என்று அவனும் கண்ணகையிடம்தான் சொல்வான். அவன் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் இவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு அவன் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

வேறு வழியில்லை. மாரி வெள்ளாமை வெட்டின கையோடு இடுப்பில் பிடித்த நோ, தொடை வழியாக இறங்கிப் பெருவிரல் வரைக்கும் நெருப்பாய் இழுத்தது. ஓரடி வைத்தால் விழுந்துவிடுவாள். கண்ணகை நிறைமாதம். வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை.

பழுகாமத்திலிருந்து தயிர்ச்சட்டிகளோடு டவுனுக்குப் போகும் சீனித்தம்பி அவளுக்கு மச்சான் முறை. அவன் வாய் சும்மா கிடக்குமா?

"என்னகா மச்சாள், மருமகன்ட முதுகில சவாரி! அந்த நாளையில நான் தூக்கிறனெண்டு கேட்டதுக்கு ஏலாதெண்டாயே!"

பாதை முழுக்கச் சிரித்தது. கனகசிங்கத்தின் காது சூடேறியதை அவளுடைய கன்னம் உணர்ந்தது. தண்ணீருக்குள் குதித்துவிடலாமா என்றிருந்தது. குதிக்கவும் கால் வேண்டுமே.

கரையேறினால் ஆமியின் சோதனைச் சாவடி. இயக்கத்தின் கையிலிருந்த மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வரும் இளந்தாரிகளை அங்கே லேசில் விடமாட்டார்கள்; முன்னால் நின்ற இரண்டு பொடியன்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை இழுத்து நடக்கும் ஆமிக்காரன் ஒருவன் கனகசிங்கத்தை மறித்தான். அவளைக் கீழே இறக்கச் சொன்னான். பாதம் மணலில் பட்டதும் அவள் "அம்மா!" என்று அலறிச் சரிந்தாள். அவன் முகம் மாறியது. குனிந்து, அவளைத் தூக்கிவிட அவனே கை கொடுத்தான்.

"பாவம் அம்மா. கொண்டு போ. பின்னேரம் என்னட்டத்தான் வரணும். நான் சொல்லித்தான் உன்னை விட்டது, விளங்குதா?"

"ஓம் ஐயா" என்றான் கனகசிங்கம்.

டவுனில் எலும்பு டொக்டர் சரீபின் கிளினிக் இரண்டே அறை. கத்தி வைப்பதுமில்லை, ஆஸ்பத்திரி வாட்டில் கிடப்பதுமில்லை. முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஓர் ஊசி, அவ்வளவுதான். அவளைக் குப்புறக் கிடத்திக் கையைப் பிடித்துக்கொண்ட நேர்ஸ் இமெல்டா, "வெளியில நிக்கிறது மகனா?" என்று கேட்டாள்.

"மருமகன்."

"குடுத்து வச்சவ நீங்க."

ஊசியை எடுத்துவிட்டு டொக்டர் சொன்னார்: "அம்மா, இதில ரெண்டு மருந்து இருக்கு. ஒண்டு விறைக்கப் பண்ணுறது. கொஞ்ச நேரத்துக்கு நோ தெரியாது. பொழுதுபட அது விட்டிரும், நோ திரும்ப வரும், பயப்பட வேணாம். மத்த மருந்து ரெண்டு மூணு நாளைக்குப் பொறகுதான் பிடிக்கும். இண்டைக்கு நடக்கவே கூடாது. தூக்கித்தான் கொண்டு போகணும்."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காதில் விழுந்தது நோ தெரியாது என்ற ஒன்றுதான்.

கட்டிலில் கிடந்துவிட்டு எழும்பிப் பாதத்தை ஊன்றினாள். நெருப்பு இல்லை. இன்னொரு அடி வைத்தாள். இல்லை. கண்ணில் நீர் முட்டியது.

கனகசிங்கம் சுவரைப் பார்த்தபடி, "மாமியை முதுகில ஏறச் சொல்லுங்க மிஸ்" என்றான்.

"இனி அவருக்குக் கஷ்டம் வேணாமெண்டு சொல்லுங்க மிஸ்."

"ரெண்டு பேருக்கும் நடுவில நான் என்ன தபால்காரியா?" என்று இமெல்டா சிரித்தாள். "அம்மா, ஏறுங்க."

வாசலில் நின்ற ஓட்டோ வரைக்கும் ஏறினாள். துறையில் இறங்கியபோது வரிசையில் வெறுஞ்சட்டிகளோடு சீனித்தம்பி நிற்பது தெரிந்தது. அவன் இவளைக் கண்டு வாயைத் திறக்கப் போனான். கனகசிங்கம் குனிந்து முதுகைக் கொடுத்தான். அவள் ஏறவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருமகனை விட்டு முன்னால், விறுவிறென்று நடந்தாள்.

"பாருங்க மச்சான், ஆருட முதுகிலயும் ஏறாமத்தான் வாறன்!"

சீனித்தம்பிக்கு முதலே அந்தக் கால் இழுக்கும் ஆமிக்காரன் பார்த்துவிட்டான்.

"அம்மா, நில்."

நின்றாள்.

"காலையில நடக்க ஏலாது. இப்ப ஓடுறதா?"

"ஊசி போட்டது ஐயா. முதுகில. அதான் நோ விட்டிட்டு."

"என்ட காலுக்குள்ள வெடிபட்ட சன்னம் கிடக்கு. எத்தனை ஊசி போட்டது. ஒரு ஊசியும் இப்பிடி ஓட வைக்கல்ல." அவன் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. "நான் பாவம் பார்த்தது. நீங்க என்னை மடையனாக்கினது." கனகசிங்கத்தின் பக்கம் திரும்பினான். "டவுனில ஆரைச் சந்திச்சாய்?"

"ஒருத்தரையுமில்ல ஐயா. கிளினிக்குக்குத்தான் போனது."

அவள் கிளினிக் அட்டையை நீட்டினாள். சாவடியில் பொம்பிளைகளைச் சோதிப்பவளைக் கூப்பிட்டு, திரைக்குப் பின்னால் சேலையை விலக்கிப் பிளாஸ்டரைக் காட்டினாள். சோதித்தவள் வெளியே வந்து அவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

"பிளாஸ்டர் ஆரும் ஒட்டலாம்" என்றான் அவன்.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் கனகசிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் திரும்பினான். முதன்முதலாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"மாமி, நீங்க போங்க. கண்ணகை தனியக் கிடப்பாள்."

அவள் போகவில்லை.

கிட்ட நின்ற பூவரச மரத்தடியில் குந்தினாள். அப்போதுதான் டொக்டர் சொன்னதில் மிச்சமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பொழுதுபட நோ திரும்ப வரும். அதைக் கண்டால் நம்புவான். காலையில் நம்பினவன்தானே. அவள் தன் தொடையைக் கிள்ளினாள், குத்தினாள். மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. "வா" என்றாள் நோவைப் பார்த்து. "கெதியா வந்திரு."

வெயில் வாவியின் மேற்கே சரிந்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு ட்ரக் கிளம்பிப் போனது. அதற்குப் பிறகுதான் இடுப்பில் ஒரு பொறி விழுந்தது, தொடையில் ஊர்ந்தது, பெருவிரலில் பற்றியது. அவள் சந்தோசப்பட்டாள். எழும்பினாள், விழுந்தாள். கையை ஊன்றி மணலில் தவழ்ந்து சாவடிக்குப் போனாள்.

கால் இழுப்பவன் அங்கே இல்லை. காவல் மாறியிருந்தது. புதிதாக நின்றவனுக்குத் தமிழ் தெரியாது.

"பாருங்க ஐயா, பொய்யில்ல! நோகுது! அவரை விடுங்க!"

அவனுக்கு நோவு மட்டும் விளங்கியது. தன் போத்தலைத் திறந்து தண்ணீர் பருக்கினான். கடைசிப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கூப்பிட்டான். இவளை விட்டுப் போகாமல் அதுவரை துறையிலேயே நின்ற சீனித்தம்பி சட்டிகளை வைத்துவிட்டு ஓடி வந்தான். இவளைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினான் அந்த ஆமிக்காரன்.

"வேணாம் மச்சான். மருமகன் உள்ளுக்கு நிக்கிறார்."

"இல்லகா." சீனித்தம்பி அவளைப் பார்க்காமல் சொன்னான். "மருமகனை ட்ரக்கில ஏத்தினதை நான் கண்டன்."

முதுகில் போட்டுக்கொண்டான். அவள் அவன் தோளில் குத்தினாள், அவன் வாங்கிக்கொண்டான். பாதை கரையை விட்டது. திரும்பிச் சாவடியைப் பார்க்கக்கூட இடுப்பு விடவில்லை.

மறுகரையில் கண்ணகை வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். முகம் தெரியாத மம்மல் பொழுது. யாரோ ஒருவர் முதுகில் அம்மா வருவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. புருசன்தான் என்று கையை உயர்த்தி ஆட்டினாள்.

"மெல்ல வாங்க!" என்று அங்கிருந்தே சிரித்துக்கொண்டு கத்தினாள். "எங்கட அம்மாவைத் தண்ணிக்குள்ள போட்டிராதீங்க!"

சீனித்தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.