கிண்ணம் கழுவுகிற கை

பல் டாக்டரிடம் போனவர்களுக்குத் தெரியும், நாற்காலிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கிண்ணம் இருக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்புவதற்கு. அதைக் கழுவுவது நான்தான். கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், அவற்றைக் கொதிக்க வைப்பதும், ஊசியைப் பார்த்து நடுங்குகிற ஆட்களின் தோளைப் பிடித்துக்கொள்வதும்கூட நான்தான். ஆனால் எங்கள் அண்ணியின் கண்ணில் பட்டது அந்தக் கிண்ணம் மட்டும்.

சும்மா சொல்லக் கூடாது, அது அருவருப்பான கிண்ணம்தான். ரத்தம், சளி, ஊறிப்போன பஞ்சு, வந்தவர் மதியம் என்ன சாப்பிட்டாரோ அது. ஏழு வருடமாகக் கழுவுகிறேன், ஏழு வருடமாகக் குமட்டுகிறது. போகப் போகப் பழகிவிடும் என்று சொன்ன டாக்டர் ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. வேலை முடிந்ததும் முழங்கை வரைக்கும் மூன்று தடவை சோப்புப் போடுவேன். அண்ணன் எனக்கு வைத்த பெயர் சுத்தக்காரி.

கீழே கிளினிக், மாடியில் நாங்கள் மூன்று பேர். அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வாரம், ஆசையாக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினாள். கைக்குட்டையை எடுத்து டம்ளரின் விளிம்பைச் சுற்றித் துடைத்தாள். அப்புறமும் மனசு வராமல் தொட்டியில் கொட்டினாள்.

"தப்பா நினைக்காத. கண்டவங்க துப்புன கிண்ணத்தைக் கழுவுற கை. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

தப்பாக நினைக்கக் கூடாதாம்! பின்னே, கையெடுத்துக் கும்பிடணுமா? அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதிலிருந்து மூன்று வருடம், என் கை பட்ட ஒரு வாய்த் தண்ணீரை அவள் குடித்ததில்லை. நான் வெங்காயம் நறுக்கினால் அதைக் கழுவி, மறுபடி கழுவி, கடைசியில் குப்பையில் போடுவாள். வீடு பெருக்க மட்டும் என் கை ஆகும்.

போன வெயில் காலத்தில் ஒரு கிழவர், பல் பிடுங்கிய பிறகு வலி நின்ற சந்தோஷத்தில் டாக்டருக்கு ஒரு கொடித் துண்டைக் கொடுத்தார். டாக்டர் அதை என் தலையில் கட்டினார். கிளினிக்கின் பின்சுவரை ஒட்டிப் புதைத்தேன். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. இரண்டே மாதத்தில் சுவர்க்குழாயைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மாடிக்கு ஏறியது.

மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, வேறு கருமம் வந்தது. நத்தைகள். இலைக்கு அடியில் கொத்துக் கொத்தாக, சளி ஒழுக்கிக்கொண்டு. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். குளிரில் இலையெல்லாம் கொட்டிப்போய் வெறும் கயிறாக நின்றது. "செத்துப்போச்சு, வெட்டிப் போடு," என்றான் அண்ணன். நான் விடவில்லை, அரை வாளியாவது ஊற்றினேன். குளிர் விட்டதும் பாருங்கள், அண்ணியின் ஜன்னலை மறைக்கிற அளவுக்கு மொட்டு. வெள்ளை வெள்ளையாகப் பூத்து வாசனை தெருமுனை வரைக்கும் போனது. "கைராசிக்காரிடி நீ," என்றான் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணி உண்டானாள். மூன்று வருடம் காத்திருந்து வந்தது. வந்த கையோடு வாந்தியும் வந்தது. எண்ணெய் வாசனை ஆகாது, சோப்பு ஆகாது. அண்ணன் அறைக்குள் நுழைந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வாள். (இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன்.) சாப்பிட்டது எதுவும் உள்ளே நிற்கவில்லை. இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் பிள்ளைக்கு ஆபத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவேன் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் காலையில் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அந்தப் பூ ரெண்டு பறிச்சுத் தரியா?" என்றாள்.

என்னிடமா? அறையில் வேறு யாரும் இல்லை. ஓடிப்போய்ப் பறித்து, டம்ளரில் தண்ணீர் விட்டு, தலைமாட்டில் வைத்தேன். மூக்கை அதற்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அரை மணி நேரம் கழித்து ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். வாந்தி வரவில்லை. அப்புறம் தினமும் அப்படித்தான். பூ வந்தால் சாப்பாடு இறங்கும். என் கையால் வந்த பூ! கதவுக்கு வெளியே நின்று அவள் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தச் சமயம் பார்த்து எங்கள் பல் டாக்டர் தன் மகளைப் பார்க்க ஊருக்குப் போனார். மூன்று வாரம் கிளினிக் மூடல். எனக்கு நேரம் கிடைத்தது, கொடிக்கு இரண்டு வாளியை நாலாக்கினேன். ஆனால் ஐந்தாம் நாளே இலை தொங்கிவிட்டது. பத்தாம் நாள் மொட்டு உதிர்ந்தது. ஆறு வாளி ஊற்றினேன். பூ ஒன்பதாகி, ஐந்தாகி, நாலில் நின்றது. அண்ணியின் கஞ்சியும் கூடவே குறைந்தது.

வேரில்தான் ஏதோ பூச்சி என்று நினைத்து மண்ணைத் தோண்டினேன். ஒரு விரல் ஆழம்தான் ஈரம், அதற்குக் கீழே காய்ந்து கட்டியாக இருந்தது. நான் ஊற்றியதெல்லாம் சரிவில் ஓடிச் சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது. முழங்கை ஆழத்துக்குப் போனதும் ஒரு நாற்றம் வந்தது பாருங்கள்! எனக்கு அந்த நாற்றம் தெரியும். ஏழு வருடமாகத் தெரியும்.

குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் தோண்டி, சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, இங்க பாருங்க. உங்க துப்புற கிண்ணத்துக் குழாய் உடைஞ்சு கிடக்கு. வேரெல்லாம் உள்ளேயே பூந்திருச்சு. செடி இத்தனை நாளா நீங்க ஊத்தினதைக் குடிக்கல, ஊர் எச்சிலைக் குடிச்சிருக்கு! கிளினிக்கை மூடினதும் அதுக்குப் பட்டினி."

குழாய்க்குள் வேர் சடை பிடித்திருந்தது. அதில் வழவழவென்று ஏதோ சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. நடுவில் பஞ்சு, கறுத்த ரத்தக்கட்டி, யாருடையதோ பாதிப் பல். சீ! சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். கைராசியாம், கைராசி! மூக்கு உடைந்ததுகூடப் பெரிதில்லை. எந்த எச்சிலுக்காக அவள் என் கையை ஒதுக்கினாளோ, அந்த எச்சிலைத்தான் தினமும் டம்ளரில் போட்டு அவள் மூக்குக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

குழாய்க்காரர் புதுக் குழாய் போட்டு மூடிவிட்டுப் போனார். நான் பூப் பறிக்கப் போகவில்லை. அந்தப் பக்கம் பார்த்தாலே தொண்டையில் வந்து நின்றது. அண்ணி இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தான்.

"பூ எங்க?" என்றாள் அண்ணி. குரலே எழும்பவில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தாள்.

இல்லை, உதிர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நாலு பூவைக் கொண்டுவந்தும் வைத்திருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரியுமே. மறைத்து வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பதைவிட அந்தக் கிண்ணத்தை நக்குவது மேல் என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், வேர், பஞ்சு, பாதிப் பல். பல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அண்ணியின் முகம் கோணியது. கட்டில் விளிம்புக்குப் புரண்டாள். வாந்திப் பாத்திரம் அறையின் அந்தக் கோடியில் இருந்தது. யோசிக்க நேரமில்லை, இரண்டு கையையும் சேர்த்து நீட்டிவிட்டேன். என் கையில்தான் எடுத்தாள். சூடாக, மஞ்சளாக, விரல் இடுக்கில் ஒழுகியது. கருமம், எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. அவள் மறுபடி எடுத்தாள். அதற்கும் பிடித்தேன்.

முடிந்ததும் என் கையையே பார்த்தாள்.

"போய்க் கழுவிட்டு வா," என்றாள். "வரும்போது குடிக்கத் தண்ணி கொண்டு வா. நீயே கொண்டு வா."

மூன்று தடவை சோப்புப் போட்டேன். டம்ளரைக் கொடுத்தேன். அண்ணி துடைக்கவில்லை, கொட்டவில்லை. பாதி குடித்தாள்.

"பூ இருக்கா இல்லையா?"

"நாலு இருக்கு அண்ணி. ஆனா அது எச்சில்ல..."

"அதான் சொல்லிட்டியே. பறிச்சிட்டு வா."

பறித்துக்கொண்டு வந்தேன். அதை மூக்கில் வைத்துக்கொண்டு சாய்ந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. "ரெண்டு வாய் கஞ்சி கிடைக்குமா?" என்றாள். அண்ணன் பையைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினான்.

"உன் முகமே வெளிறிப்போச்சு," என்றாள் என்னிடம். "மிச்சத் தண்ணியை நீ குடி."

டம்ளரை எடுத்தேன். விளிம்பில் அவள் வாய் வைத்த தடம் ஈரமாக இருந்தது. வாந்தி எடுத்த வாய். என் கை என்னைக் கேட்காமலே சட்டை நுனியைப் பிடித்து அந்த விளிம்பைச் சுற்றித் துடைத்துவிட்டது. துடைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி," என்றேன்.

அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பில் மறுபடியும் வாந்தி வந்துவிடப்போகிறதே என்று பயந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.