ஃபியூஸ் மாற்றி

மாரிச்செல்வத்தின் காரில் ஃபியூஸ் இரண்டாம் முறையும் போயிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மட்டாஞ்சேரியில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடையில் என்னோடு வேலை பார்க்கும் அப்ஸல் ஜும்ஆத் தொழுகைக்கு அவசரமாகக் கிளம்பினான். கை கழுவிக்கொண்டே சொன்னான்: "செல்லேட்டா, ஃபியூஸ் மாற்றியிட்டுண்டு."

மாற்றிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். முக்கால் மணி கழித்து மாரி வந்ததும் சாவியைக் கொடுத்தேன்.

மாரி என் மனைவி சங்கரியின் தம்பி. சங்கரி போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். எங்கள் மகள் ஸ்நேஹாவுக்கு நாலு வயது. பகலில் சுள்ளிக்கல்லில் மாமியார் வீட்டில் இருப்பாள். அன்று மாரி அவளையும் கூட்டி வந்திருந்தான். கலூர் ஸ்டேடியம் பக்கம் அவன் கூட்டாளிகள் கார்களை வரிசையாக நிறுத்தி, யார் வண்டி அதிகம் அதிர்கிறது என்று பார்ப்பார்களாம்.

"பிள்ளையும் வரட்டும் அத்தான். உங்க வீட்டுல சுவருதான் பேசணும். கொஞ்சம் சத்தம் கேக்கட்டும்."

அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி கதவின் குழந்தைப் பூட்டைப் போட்டேன்.

கார் சின்னது. அதில் ஏற்றியிருந்த சாமான் பெரிது. டிக்கியில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், அதன் பசிக்கு இரண்டாவதாக ஒரு பேட்டரி. ஆம்ப் சூடாகும் என்பதால் பின் சீட்டின் தோளருகே ஓட்டை வெட்டி, ஏசிக் காற்றை உள்ளே இழுக்க ஃபேன் வைத்திருந்தோம். எல்லாம் நானும் அப்ஸலும் செய்த வேலை.

தொழுகை முடிந்து வந்த அப்ஸல் வாசலிலேயே நின்றான்.

"வண்டி எவிடே?"

"போயாச்சு."

"ஃபியூஸ் இடாதெயா?"

கையை விரித்தான். உறை பிரிக்காத புது ஃபியூஸ். வரும் வழியில் வாங்கியிருக்கிறான்.

"நீதானடா மாத்திட்டேன்னு சொன்ன?"

"மாற்றின்னு பறஞ்சா, எடுத்து மாற்றி வச்சுன்னு." அவன் குரல் இறங்கியது. "டெஸ்ட் பண்ணணுமே. ரண்டு கம்பியும் சேர்த்து ஒரு போல்ட் இட்டு முறுக்கியிட்டுண்டு."

எடுத்து விலக்கி வைப்பதும் அவன் மலையாளத்தில் மாற்றுவதுதான். எனக்கு அது தெரியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தினமும் கேட்கிற சொல். ஆனாலும் அந்த நேரத்தில் என் காது, நான் பிறந்த கோவில்பட்டிக் காதாகிவிட்டது.

முன் பேட்டரியிலிருந்து டிக்கி வரை விரல் தடிமனில் ஒரு கம்பி போகிறது. அது எங்காவது வண்டியின் இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் முதலில் எரிந்து, மற்றதைக் காப்பாற்றும். ஃபியூஸுக்குப் பதில் போல்ட் இருந்தால் கம்பி பழுக்கும். இரண்டு முறை ஃபியூஸ் போயிருக்கிறது. பாட்டை அதிகம் வைத்ததால் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கம்பி எங்கோ உரசுகிறது என்று இப்போதுதான் தோன்றியது. அது போவது பின் சீட்டுக்கு அடியில்.

மாரிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? மறுபடி அடித்தேன். சங்கரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் இப்படித்தான், யாரும் எடுக்காத போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதலாளி மொய்துக்காவின் ஸ்கூட்டரில் ஏறினேன். மாரி எங்கும் நேராகப் போகிறவன் இல்லை. மட்டாஞ்சேரி முழுக்கப் பாட்டைக் கேட்கவைத்த பிறகுதான், ஸ்டேடியம் போகத் தோப்பும்படிப் பக்கம் திரும்புவான். அதை மட்டும் நம்பினேன்.

பஜார் ரோட்டில் அரிசி லாரி குறுக்கே நின்றது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு மூட்டைகளுக்கு இடையே ஓடினேன். அப்போது கேட்டது. பாட்டு இல்லை, அடி மட்டும். ஒரு கிடங்கின் தகரம் அதற்கேற்பக் கிடுகிடுத்தது. அந்தச் சத்தத்தை நான் ரசித்ததே இல்லை. அன்று அது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடினேன். கேட்கிறவரை வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நின்றுவிட்டது.

தகரம் அமைதியானது. சுமை தூக்குகிறவர்கள் பேசுவது கேட்டது. வளைவைத் தாண்டும்வரை புகையைத்தான் தேடினேன்.

கார் ஓரமாக நின்றிருந்தது. மாரி வெளியே நின்று டயரை உதைத்துக்கொண்டிருந்தான். ஆம்ப் செத்துவிட்டது, உங்கள் வேலையே இப்படித்தான் என்று ஆரம்பித்தான். நான் பின் கதவைத் திறந்தேன். கருகிய ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. ஸ்நேஹா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை இழுத்தெடுத்து, எதிரேயிருந்த மிளகாய்க் கடைக்காரர் கையில் கொடுத்தேன். முன் பேட்டரியைக் கழற்றினேன். அது போதாது. டிக்கியைத் திறந்து பின் பேட்டரியையும் கழற்றினேன்.

ஆம்ப்பில் கைவைக்க முடியவில்லை. சூடு தாங்காமல் தானே அணைந்து, சிவப்பு விளக்கைக் காட்டியிருக்கிறது. ஃபேன் ஓட்டையில் ஸ்நேஹாவின் மஞ்சள் துவாலை திணித்திருந்தது.

"அந்த ஓட்டைலேர்ந்துதான்பா சத்தம் வந்துச்சு," என்றாள் கடைக்குள்ளிருந்து. "அதான் அடைச்சேன்."

பின் சீட்டின் அடியிலிருந்த விரிப்பைத் தூக்கினேன். கம்பி ஒரு தகர விளிம்பில் கிடந்தது. அந்த இடத்தில் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் உரசியிருக்கிறது; பாட்டு நின்றதும்தான் உரசலும் நின்றிருக்கிறது. விரிப்பின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அதற்கு நேர் மேலே அவள் இருந்த இடம்.

மாரி எட்டிப் பார்த்தான். "அத்தான், இது..." என்றான். பிறகு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்நேஹாவை வாங்கித் தூக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

அவளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்ஸல் வியர்வையோடு ஓடிவந்தான். வண்டியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், சுவரில் சாய்ந்தான். ஃபியூஸை இன்னும் கையிலேயே பிடித்திருந்தான். கொஞ்சம் கழித்துத் தயங்கிக் கேட்டான்:

"செல்லேட்டா, மாற்றட்டே?"

"எடுக்கவா, போடவா? அதைச் சொல்லு மொதல்ல."

ஸ்நேஹாவை இறக்கிவிட்டேன். முன் பேட்டரியருகே குனிந்து, ஃபியூஸ் இடத்திலிருந்த அந்தப் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. வேண்டாம் என்றேன். நானும் ஸ்நேஹாவும் சுள்ளிக்கல்லில் மாமியார் வீடு வரை நடந்தே போனோம்.