பதினோராம் கிணற்றை நிறுத்தச் சொன்னவள்

ஸஹ்லா இரண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். சும்மாவா? வளைகுடாவில் வற்றத் தொடங்கிய ஒரு பழைய எண்ணெய் வயலில், எந்தக் கிணற்றுக்குள் தண்ணீரைச் செலுத்தினால் மிச்ச எண்ணெய் எந்தக் கிணற்றுப் பக்கம் நகரும் என்று, எண்ணெய் எஞ்சினியரிங் படித்துவிட்டுக் காயல்பட்டினத்து வீட்டு மாடியிலிருந்தே கணக்குப் போட்டவள் அவள். அந்த வயலில் எஞ்சினியராக இருந்த புருஷன் ஸுஹைப் அதைத் தன் மூளை என்று காட்டிப் பெரிய பதவியில் ஏறிக்கொண்டான். கேட்டதற்கு, உன் பேர் வேறே என் பேர் வேறேயா என்றான். வெட்கங்கெட்ட மனுஷன்.

ஏறியவன் ஒழுங்காக இருந்தானா? தண்ணீரைக் கூட்டினால் எண்ணெயும் கூடும் என்று நினைத்து, அவள் சொன்ன அளவைத் தாண்டி அழுத்தினான். தண்ணீர் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டு நேரே பதினோராம் கிணற்றுக்குப் பாய்ந்தது. வயலிலேயே அதிகம் எண்ணெய் தந்த கிணறு, வெறும் தண்ணீரைக் கக்கியது.

விடுமுறைக்கு வந்திருந்தவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். மத்தியானம் மேலதிகாரிக்கு வீடியோவில் பதில் சொல்லியாக வேண்டும். ஸஹ்லா மறுக்கவில்லை. பதினோராம் கிணற்றில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவிட்டு, இனி அதற்குள்ளேயே தண்ணீரைச் செலுத்த வேண்டும் என்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் பாடம் கேட்க அவன் ரோஷம் விடாது என்பது அவளுக்குத் தெரியும். அவனும் கேட்கவில்லை.

மேலதிகாரி ஏன் என்று கேட்டார். ஸுஹைப் மென்று விழுங்கினான். மறுபடியும் கேட்டார். அவன் எழுந்து அறைக் கதவைத் திறந்தான்.

"ஸஹ்லா, ஏன்னு நீயே வந்து சொல்லேன்."

"யார் போட்ட கணக்குன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க மச்சான். அவர் காதுபட."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் போன வழியில் இனி எண்ணெய் இல்லை, மிச்சம் இருபுறமும் ஒதுங்கிக் கிடக்கிறது, பதினோராம் கிணற்றிலிருந்து தள்ளினால் பக்கத்துக் கிணறுகளுக்கு நகரும் என்று விளக்கினாள். இருவரும் சேர்ந்து இதை நடத்துவீர்களா என்று அவர் கேட்டபோது, ஸுஹைப் ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தான். சொன்ன அளவை மீறும் ஆளோடு என்னால் வேலை செய்ய முடியாது என்று அவள் நிதானமாகச் சொன்னாள்.

அவன் வேலை போயிற்று. காயலில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பான். இவனும் மாமியார் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தான். ஒருநாள் அடுத்த வீட்டு குல்சும் மாமி, விடுமுறைக்கு வந்த ஆண்களிடம், வளைகுடாவுக்குத் திரும்புவது எப்போது என்று ஊரே கேட்பதை அவனிடமும் கேட்டாள்.

"எப்ப வாப்பா பயணம்?"

அவன் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து ஸஹ்லா சொன்னாள்.

"அவங்களுக்குப் பயணம் இல்ல மாமி. எனக்குத்தான்."