பிரபலத்தின் 'பி'

திரை மாட்டுவதற்கு முன் ஒருமுறை துடைத்துவிடலாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிய பெயர்ப்பலகை எழுத்துக்காரி மேல் வரியை இரண்டு முறை படித்தாள். கருங்கல்லில் பளபளவென்று பித்தளை எழுத்துகள்: 'தலைவர் இறந்த இல்லம்.' நல்லவேளை, கூட்டம் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் இருந்தது.

"ஏண்டி, பிறந்த வீட்டுலயே மனுஷனைக் கொன்னுட்டியே" என்று தங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டறையில 'பி'க்குப் பதிலா இன்னொரு 'இ' அனுப்பிட்டாங்கக்கா. அவசரத்துல நானும் பார்க்காம ஒட்டிட்டேன்."

பட்டறைக்குப் போய்வர மூன்று மணி நேரம். தலைவரின் மகள் திரை விலக்க வருவதோ முக்கால் மணியில். பத்து வருடமாகக் கடைப் பெயர்களை ஒட்டியே விரல் தேய்ந்தவளுக்கு முதல் பெரிய வேலை இது. இது சரியாக அமைந்தால்தான் தலைவர் நினைவுப் பூங்காவின் மற்ற நாற்பது பலகைகளும் என்று நினைவுக் குழுச் செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவரை நினைத்ததும் அவள் கண் கீழ் வரிக்குப் போனது. 'பிரபல தொழிலதிபர்' என்று தொடங்கும் அவருடைய பெயர் வரி. தலைவர் எழுத்து அளவுக்கே தன் எழுத்தும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று போட வைத்தது. அன்றைக்கு மனசுக்குள் திட்டியவள் இன்றைக்கு அந்த வரியைக் கும்பிட்டாள்.

"'பி'யை எடுத்தா 'ரபல'ன்னு நிக்குமேக்கா."

"முழுசையும் எடு. கொஞ்ச நேரம் வெறும் தொழிலதிபரா இருக்கட்டும்."

தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்து அறுத்தார்கள். 'இ' இறங்கியது, 'பி' ஏறியது. பசை பிடிக்கும்வரை அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் கையை எடுத்தாள், அதற்குள் மாட்டி வைத்திருந்த திரையைத் தங்கை இழுத்துவிட்டாள்.

திரை விலகியது. மகள் 'பிறந்த' என்ற சொல்லைத் தடவிப் பார்த்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. எழுத்துக்காரிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. செயலாளர் மட்டும் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"என் 'பிரபல' எங்கம்மா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "'பி' ஒண்ணு கொறஞ்சுபோச்சு சார். உங்களுது இல்லேன்னா தலைவர் இன்னைக்குப் பொறந்திருக்கவே மாட்டாரு."

அது மகள் காதிலும் விழுந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து, செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான், மனுஷரைப் பிடிக்க முடியவில்லை. வந்தவர் போனவரை எல்லாம் சுவருக்கு இழுத்து வந்து, "அந்த 'பி' என்னோடது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேற 'பி' வந்துடும் சார், 'பிரபல'வைத் திரும்ப ஒட்டிடறேன்" என்றாள் எழுத்துக்காரி.

"அதைத் தொடாதீங்க, காலியாவே இருக்கட்டும்" என்றார் அவர். "நாளைக்கு மத்த நாற்பது பலகைக்கும் அளவெடுக்க வாங்க."