கரைகாத்தாளுக்கு ஒரு மொட்டை

வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால்தான் நான் பூசாரி ஆனேன்.

மூலக்குளத்தில் கலைவாணன் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் கூடி ஆடுவது கதை விளையாட்டு. கதையை நடத்துகிறவன் கலைவாணன். காடு, கோட்டை, பூதம், சாமி எல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரும். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வேடம். அன்பழகன் வாள்வீரன். கார்குழலி, மின்மினி என்கிற திருடி. மிச்சமிருந்தது பூசாரி. ஊரெல்லாம் சண்டை போட, பின்னால் நின்று கட்டுப்போடுகிற வேலை யாருக்கு வேண்டும்? கடைசியாக வந்து சேர்ந்த சரிதாவின் தலையில், அதாவது என் தலையில், கட்டிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் அப்பா கோவிந்தராசு மூடிப்போன பஞ்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்து கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் காலண்டரில்கூடச் சாமி படம் கிடையாது. யாராவது திருநீறு நீட்டினால் நான் இரண்டு அடி பின்னால் போகிறவள். எனக்குக் கிடைத்தது பூசாரி வேடம்.

அந்த விளையாட்டில் மந்திரவாதிக்கும் பூசாரிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மந்திரவாதி சுவடியைப் படித்து மந்திரத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்வான். பூசாரிக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. காலையில் எழுந்ததும் சாமியை வேண்டி, இன்றைக்கு இன்னின்ன வரம் வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். காயம் ஆற்றுகிற வரம் கேட்டால் காயம் ஆற்றலாம், நெருப்பு கேட்டால் நெருப்பு வரும். காலையில் கேட்காததை மத்தியானம் கேட்டால் கிடைக்காது. வாங்கியது தீர்ந்துவிட்டால் மறுநாள் விடியும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். என் சாமியின் பெயர் கரைகாத்தாள். கடலோரத்துக் காவல் தெய்வம். ஒரு மழை நாளில் கலைவாணன் டீ குடித்துக்கொண்டே உண்டாக்கிய தெய்வம் என்பதால், அவன் வீட்டு மாடியைத் தவிர அவளுக்கு வேறு இடம் கிடையாது.

போன ஆடி மாதம், கார்குழலியின் அம்மா தனக்கொடி அத்தையைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். தவளக்குப்பம் மார்க்கெட்டில் காய்கறி விற்று மகளை எம்.காம். வரைக்கும் படிக்கவைத்தவர் அத்தை. கார்குழலிக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இந்த ஒரு அம்மாதான்.

ஆபரேஷன் அன்று நாங்கள் மூவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். அத்தையை உள்ளே கொண்டுபோனார்கள், கதவு மூடிக்கொண்டது. வெளியே மரத்தடியில் பாய் விரித்து, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த குடும்பங்களோடு நாங்களும் உட்கார்ந்தோம். கார்குழலி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"ஆடலாமா?" என்றான் அன்பழகன்.

"அறிவிருக்கா ஒனக்கு? ஆஸ்பத்திரியில உக்காந்து விளையாட்டா?" என்று நான் பாய்ந்தேன்.

"ஆடலாம்டி," என்றாள் கார்குழலி. "அந்தக் கதவயே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

கதையில் எது பலிக்கும் என்பதை முடிவு செய்வது இருபது முகப் பகடை. கலைவாணன் பையில் எப்போதும் பகடைகள் இருக்கும். வீட்டுச் சாவியை மறந்தாலும் அதை மறக்கமாட்டான். எடுத்துப் பாயில் கொட்டிவிட்டு, "பூசாரி, காலையில ஆத்தாகிட்ட இன்னா வாங்கிட்டு வந்த?" என்று கேட்டான்.

"நெருப்பு. மொத்தமும் நெருப்பு."

"காயம் ஆத்துறது?"

"ஒண்ணும் இல்ல. போன வாரம் இந்த அன்பழகன் என்னை நூத்தியெட்டுன்னு கூப்புட்டான். நான் என்ன இவனுக்கு ஆம்புலன்ஸா? இன்னிக்கு அடிபட்டவங்க அவங்கவங்களே எழுந்துக்கட்டும்."

அன்பழகன் சிரித்தான். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்திலேயே மின்மினி கோட்டை மதிலிலிருந்து அம்பு பட்டு விழுந்தாள்.

விழுந்தவர்கள் மூன்று தடவை பகடை உருட்டலாம். ஒன்றிலாவது நல்ல எண் வந்தால் உயிர் ஒட்டிக்கொள்ளும். மூன்றும் தவறினால் ஆள் காலி. கார்குழலி முதல் தடவை உருட்டினாள், தவறியது. இரண்டாவதும் தவறியது. பகடையைப் பாயில் வைத்துவிட்டு, "நான் உருட்டமாட்டேன்," என்றாள்.

"இன்னாடி, மின்மினி போனா வேற ஆளு செஞ்சிக்கலாம். விளையாட்டுதான?" என்றேன்.

"நான் நெனச்சிக்கிட்டேன்டி." என்றாள் கார்குழலி. "மின்மினி பொழச்சா எங்கம்மா பொழைக்கும்னு நெனச்சிக்கிட்டு உருட்டிட்டேன்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், நிலம் என்று எதற்கும் சாமி முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமியின் பதில். இந்தப் படித்த முண்டம் இருபது முகப் பகடையில் பூப் போட்டுப் பார்த்திருக்கிறாள், அதுவும் அம்மாவின் உயிருக்கு. எனக்கு வந்த கோபத்தில் அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை.

கலைவாணனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "ஏதாவது சொல்லி அவள எழுப்பி விடு."

"மாத்திச் சொன்னா அவளுக்குத் தெரியாதா? நான் ஒரு தடவகூட மாத்துனது இல்லன்னு அவளுக்குத் தெரியும். பொய்யா எழுப்புனா அவ மனசு இன்னும் பயப்படும்." கலைவாணன் கார்குழலியைத் திரும்பிப் பார்த்தான். "பூசாரி நேரா ஆத்தாவைக் கூப்புடலாம். அது ஒண்ணுதான் வழி."

நேராகக் கூப்பிடுவது என்பது பூசாரியின் கடைசி ஆயுதம். தேவைப்படுகிற வரம் கையில் இல்லாதபோது சாமியையே இறங்கி வரச்சொல்வது. இருபது விழுந்தால் உடனே இறங்கி வருவாள், குறைந்தால் காணிக்கை கேட்பாள். திரும்பி வந்து உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சாமியின் பெயரை மனதாரச் சொல்லிவிட்டு உருட்டினேன். ஏழு விழுந்தது.

கலைவாணன் மெதுவாக, ஆத்தாவுக்கென்று அவன் வைத்திருக்கிற அந்தத் தணிந்த குரலில் கேட்டான். "நான் போகல. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு இன்னா தர்ற?"

"என் நெருப்பு எல்லாத்தையும் எடுத்துக்க."

"அது நான் குடுத்தது."

"என் கோல், என் சங்கு."

"அதுவும் நான் குடுத்தது. ஒன்னுதுன்னு இன்னா இருக்கு?"

பூசாரியிடம் என்ன இருக்கும்? யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. அப்போது என் பின்னல் தோள் வழியாக மடியில் கிடந்தது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. கல்யாணத்துக்குப் பார்க்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பார்கள். எனக்கும் அதில் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"என் முடி," என்றேன்.

"பூசாரி முடியா?"

"இல்ல. சரிதா முடி. மொட்டை போடுறேன். அத்தையக் காப்பாத்திக் குடு."

மின்மினியை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் அத்தைதான் வந்தது. கலைவாணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கதவு திறந்து, "தனக்கொடி கூட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டார்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். கார்குழலி நடுவழியில் நின்றுவிட்டாள். நானும் அன்பழகனும் இரண்டு பக்கமும் பிடித்து அவளைக் கொண்டுபோனோம். டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "நல்லபடியா முடிஞ்சுதும்மா. புது வால்வு நல்லா வேல செய்யுது. நாளைக்குப் பாக்கலாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கார்குழலி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்ற வேண்டிய நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். அன்பழகன் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். பாயில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத திண்டிவனத்துக் குடும்பத்துக்கும் சேர்த்து வாங்கி வந்தான். அன்றைக்குக் குடித்த டீ மாதிரி ஒரு டீயை நான் அதற்கு முன்னால் குடித்ததில்லை.

பகடைகளைப் பொறுக்கும்போது, "மூணாவது உருட்டல் பாக்கி இருக்கே?" என்றான் கலைவாணன்.

"இருக்கட்டும். மின்மினி அப்படியே கெடக்கட்டும். இன்னிக்கு வேணாம்," என்றாள் கார்குழலி.

மறுநாள் நான் மொட்டை போட்டுக்கொண்டேன். டாக்டர்தான் காப்பாற்றினார் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் சொன்னேனே, சொன்னால் செய்ய வேண்டாமா? மூலக்குளத்துச் சலூன்காரர், "எந்தக் கோயிலுக்கும்மா? அங்கியே போட்டுக்கலாமே," என்று கத்தியை எடுக்கவே தயங்கினார். கோயில் இங்கே பக்கத்தில்தான் என்று சொல்லி வைத்தேன்.

வீட்டில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"யாருக்கு?"

"இல்லாத சாமிக்குப்பா. கலைவாணன் உண்டாக்குனது."

"எல்லாமே யாரோ உண்டாக்குனதுதான். உன் சாமி பரவால்ல, அத ஒத்துக்குது," என்றவர், வெயிலில் போகும்போது போட்டுக்கொள்ளத் தன் தொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

வார்டில் தனக்கொடி அத்தை என் தலையைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனார். பிறகு விஷயம் புரிந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எனக்காகவாடி? அவ்வளோ முடியையும் குடுத்துட்டியே. எந்தச் சாமி?"

"கரைகாத்தாள், அத்த."

"நான் கேள்விப்பட்டதே இல்லியே. எங்க இருக்கா?"

கார்குழலி என் காலை மிதித்தாள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "மூலக்குளத்துல. மாடியில," என்றேன்.

"ஒடம்பு தேறுனதும் என்னை ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. பொங்கல் வெக்கணும்."

மறந்துவிடுவார் என்று நினைத்தோம். தவளக்குப்பத்துக்காரர்களிடம் அது நடக்காது. ஆவணி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, படி ஏற வேண்டாம் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், நின்று நின்று மாடி ஏறி வந்துவிட்டார். கையில் தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல். வழியெல்லாம் கார்குழலி விளையாட்டைப் பற்றி முழுதும் சொல்லியிருக்கிறாள். அத்தை தகரக் கூரையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பகடைகளைப் பார்த்தார். பிறகு கலைவாணனைப் பார்த்தார்.

"நீதான் ஆத்தாவா பேசுவியா தம்பி?"

"ஆமாம்மா. விளையாட்டுக்கு."

அத்தை வாழையிலையை விரித்து, பொங்கலை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "எனக்காகப் பொண்ணுங்க வேண்டிக்கிச்சிங்க, நீ குடுத்த. சந்தோஷம். ஆனா என் பொண்ணு அந்தக் கோட்ட வாசல்ல இன்னும் விழுந்து கெடக்குறாளாமே. நான் எழுந்து நடந்து வந்துட்டேன். அவள இன்னும் எதுக்குப் படுக்க வெச்சிருக்க?"

எங்கள் மூவரின் கண்ணும் அந்த இருபது முகப் பகடையின் மேல் போனது. கார்குழலி அதை எடுக்கக் கை நீட்டினாள். எத்தனை ஞாயிறாக ஆடுகிறோம், யார் அழுதாலும் கெஞ்சினாலும் விதியை மாற்றாத கலைவாணன், அவளுக்கு முன்னால் பகடையை எடுத்துப் பையில் போட்டுவிட்டான்.

"மின்மினி கண்ண தொறக்குறா," என்றான். குரல் தணிந்துதான் இருந்தது. "பக்கத்துல அவங்கம்மா உக்காந்திருக்காங்க."