பதினாறு தாள்கள்

வவுனியாவிலிருந்து காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கார் மார்க்கண்டுவுடையது, பழைய மொறிஸ் மைனர். மார்க்கண்டு என்னோடு நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞராக இருந்தார். தபால் முத்திரை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கார் ஓட ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முத்திரை சேகரிப்போரின் ஒன்றுகூடல். காட்சிக்கு வைக்கும் தாள்களைப் பகல் பன்னிரண்டு மணிக்கு முன் ஒப்படைக்க வேண்டும், பிந்தினால் பலகையில் ஏறாது என்று சுற்றறிக்கையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள்.

என் மடியில் பதினாறு தாள்கள் இருந்தன. கப்பல்களும் வள்ளங்களும் உள்ள முத்திரைகள். சேர்த்தது நானும் என் மனைவி மனோகரியும். தாள்களில் ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றின் கீழும் கறுப்பு மையால் குறிப்பு எழுதியது அவள். கடைசித் தாளை முடித்து மூன்றாம் வாரம் இறந்துபோனாள். காய்ச்சல். எட்டு மாதமாகிறது. விண்ணப்பத்தில் அவளுடைய பெயரைத்தான் போட்டேன். அந்தத் தாள்கள் ஒரு நாளாவது பலகையில் இருக்க வேண்டும், நாலு பேர் நின்று வாசிக்க வேண்டும். அந்த எட்டு மாதத்தில் நான் விரும்பிய காரியம் அது ஒன்றுதான்.

கிளிநொச்சியில் தேநீர் குடித்தோம். ஒன்பது மணிக்குத் தீவுக்குப் போகும் பண்ணைப் பாலம். அல்லைப்பிட்டியும் வேலணையும் கடந்து போயின. தொண்ணூறு மைலுக்கு மேல் பிழையில்லாமல் வந்துவிட்டோம். அதன்பிறகு வீதியில் சல்லி குவித்திருந்தது. ஒருவன் சிவப்புத் துணியை ஆட்டி எங்களை ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டான்.

ஒழுங்கை இன்னோர் ஒழுங்கையில் முட்டியது. இரண்டு பக்கமும் பனையோலை வேலி. கார் ஒன்று போகும் அகலம். முக்கால் மணித்தியாலம் ஓடிய பிறகு ஒரு சின்ன வயிரவர் கோயிலடியில் மார்க்கண்டு வேகத்தைக் குறைத்தார்.

"இது நாங்கள் முதல் கண்ட வயிரவரோ, வேறை வயிரவரோ?"

"அதே சூலம்தான்."

"எல்லா வயிரவருக்கும் சூலம்தானே ஐசே இருக்கும்."

எதிரே சைக்கிளில் வந்தவர் காரைக் கண்டதும் இறங்கி வேலியோரம் ஒதுங்கினார். மார்க்கண்டு தலையை வெளியே நீட்டினார். கேட்பதற்கு முன்னரே அவர் கையைக் காட்டினார்.

"நேரை போய் ரண்டாம் ஒழுங்கை, சோத்துக்கைப் பக்கம். சனம் நிக்குது, தெரியும். கெதியாப் போங்கோ, காரைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

மார்க்கண்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீரோ? கேக்க முதலே சொல்லுறார். உங்கடை முத்திரைக் கூட்டம் தீவு முழுக்கத் தெரிஞ்சிருக்கு."

இரண்டாம் ஒழுங்கையில் திரும்பியதும் பறைச் சத்தம் கேட்டது. அடுத்த வளைவில் சனம் நின்றது. ஒரு வீட்டு வாசல் படலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

நாங்கள் இருவரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. ஊருக்குத் தெரியாத கார். அப்படி ஒரு கார் அன்று அந்த ஊரில் வேறெங்கே போகும்?

"இறங்காதையும்," என்றார் மார்க்கண்டு வாய்க்குள். "பின்னுக்கு எடுக்கிறன்."

அதற்குள் ஒருவர் என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். தாள்களை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினேன். படலையில் நின்றவர்கள் செத்தவீட்டு வழமைப்படி இரண்டு கைகளையும் நீட்டினார்கள். ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு போனேன். தொட்ட பிறகு வழி தவறி வந்தோம் என்று சொல்ல முடியாது. எட்டு மாதத்துக்கு முன் நான் மற்றப் பக்கத்தில் நின்று கை நீட்டினேன். எத்தனை பேர் தொட்டார்கள் என்று நினைவில்லை.

இறந்தவர் இலட்சுமிப்பிள்ளை என்ற வயதான அம்மா. விடிய நாலு மணிக்கு. காரியங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவருடைய பெறாமகன், சரவணமுத்து. அவர் நேரே காருக்கு வந்தார்.

"யாழ்ப்பாணத்திலை பிடிச்ச கார்தானே?"

இல்லை என்றேன். எங்கே போகிறோம் என்றும் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப அந்தக் கார் இன்னும் வரேல்லை. மகள் சீதேவி நெடுந்தீவிலை கட்டியிருக்கு. பதினொரு மணி வள்ளத்திலை குறிகட்டுவான் துறைக்கு வருகுது. பஸ் ஒரு மணிக்குத்தான். ரண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கவேணும்." பிறகு அவரே, "பறவாயில்லைத் தம்பி, உங்களுக்கும் அலுவல் இருக்கும்," என்றார்.

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு தூரம்?" என்றேன்.

"எட்டு மைல் வரும்."

பத்தரை மணி. போக அரை மணி, வர அரை மணி. பன்னிரண்டுக்கு முன் ஊர்காவற்றுறைக்குப் போய்விடலாம்.

"போவம்," என்றேன்.

மார்க்கண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஏறி இருந்து காரைத் திருப்பினார். சரவணமுத்து பின்னால் ஏறினார்.

"ஒண்டு தம்பியவை. தாய்க்கு வருத்தம் கடுமை எண்டுதான் சீதேவிக்கு அறிவிச்சனாங்கள். நீங்களும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. வீட்டை வந்து பாக்கட்டும்."

பதினொரு மணிக்குக் குறிகட்டுவானில் நின்றோம். வள்ளம் வரவில்லை. காற்று அதிகம், பிந்தும் என்றார்கள். மார்க்கண்டு துறையின் நுனிவரை போய்ப் போய் வந்தார். பதினொன்றரைக்கு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இப்ப வெளிக்கிட்டால் பிடிக்கலாம். சரவணமுத்தர் இஞ்சை நிக்கட்டும். உம்மடை தாளைக் குடுத்துப்போட்டு நான் திரும்பி வந்து ரண்டு பேரையும் ஏத்திறன். சத்தியமா வருவன்."

"நீர் திரும்பி வர ஒரு மணியாகும். அப்ப பஸ்ஸே வந்திடும்."

"அது மனோகரியின்ரை எழுத்தெல்லோ ஐசே."

கடலில் ஒரு புள்ளி தெரிந்தது. வள்ளம் என்றார்கள். நின்றோம்.

அது கரையைத் தொட்டபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சீதேவி கையில் பன்புல்லால் இழைத்த ஒரு பன்பையோடு இறங்கினார். நாற்பது வயதிருக்கும். சரவணமுத்துவைக் கண்டதும், "எப்பிடி இருக்கு?" என்றார்.

"கடுமைதான். ஏறும்."

கார் பாலத்தில் ஓடியது. இரண்டு பக்கமும் கடல். சரவணமுத்து வள்ளத்தைப் பற்றிக் கேட்டார், காற்றைப் பற்றிக் கேட்டார், நெடுந்தீவில் மழை பெய்ததோ என்று கேட்டார். சீதேவி எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

எனக்கு அந்தக் கதை தெரியும். மனோகரி இறந்த அன்று வவுனியாவிலிருந்து கோப்பாய் வீடுவரை என்னோடு காரில் வந்த மூன்று பேரும் வெங்காயத்தைப் பற்றியே கதைத்தார்கள். மூவருக்கும் தெரியும். நான் மடையன் மாதிரி மனோகரிக்கு என்று ஆனையிறவில் தோடம்பழம் வாங்கினேன். அவர்கள் தடுக்கவில்லை. ஒருவர் பேரம்கூடப் பேசித் தந்தார்.

"இது ஆற்றை கார்?" என்று சீதேவி திடீரென்று கேட்டார்.

"என்ரைதான், அக்கா," என்றார் மார்க்கண்டு.

"கார் கிடைச்சிருந்தால் அம்மாவையெல்லோ ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கவேணும். என்னை ஏத்த அனுப்புவினமோ, சரவணமுத்து?"

சரவணமுத்து கடலைப் பார்த்தார்.

"முன்னுக்கு இருக்கிற தம்பி," என்றார் சீதேவி. "நீங்கள் பிறத்தி ஆள். என்னைப் பேய்க்காட்டி உங்களுக்கு ஒண்டும் வரப்போறேல்லை. அம்மா இருக்கிறாவோ?"

திரும்பிப் பார்த்தேன்.

"இல்லை, அக்கா. விடிய நாலு மணிக்கு."

சரவணமுத்து சூள்கொட்டினார். சீதேவி பன்பையை மடியில் இழுத்து வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"குளிப்பாட்டிப்போட்டினமோ?"

"இன்னும் இல்லை. நீர் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கினம்," என்றார் சரவணமுத்து.

"அப்ப கெதியா ஓடச்சொல்லும்."

பிறகு அழுதார். சத்தமில்லை. வேலணையில் கார் திரும்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் எங்கே போகப் புறப்பட்டவர்கள் என்று கேட்டார். மார்க்கண்டு சொன்னார்.

"முத்திரைக்கும் கூட்டமோ? தபால்காரர் எல்லாரும் வருவினமோ?"

"இல்லை அக்கா, பழைய முத்திரையைக் கழட்டி வைச்சிருக்கிற ஆக்கள்."

"கடவுளே," என்றார் சீதேவி. "எத்தினை மணிக்கு?"

"பன்னிரண்டு."

இப்போது மணி என்ன என்று அவர் கேட்கவில்லை. படலையில் இறங்கும்போது என் தோளைத் தொட்டார். ஒப்பாரி உள்ளேயிருந்து எழுந்தது. நாங்கள் காரைவிட்டு இறங்கவில்லை.

ஊர்காவற்றுறைப் பாதையைச் சரவணமுத்து மூன்று தரம் சொல்லித் தந்தார். பாதி வழியில் மார்க்கண்டு ஒரு தோட்டக் கிணற்றடியில் காரை நிறுத்தினார்.

"செத்தவீட்டுக்குப் போய்ப்போட்டு முழுகாமல் ஒரு மண்டபத்துக்குள்ளை போக என்னாலை ஏலாது."

தோட்டக்காரரிடம் கேட்டு இருவரும் நாலு வாளி அள்ளி ஊற்றினோம். மாற்று உடுப்பு இல்லை. பிழிந்து கட்டினோம். கையைக் காற்றில் பிடித்து நன்றாக உலர்த்திய பிறகே தாள்களைத் தொட்டேன்.

மண்டபத்துக்குப் போனபோது ஒன்றரை. பலகைகள் நிறைந்திருந்தன. வந்தவர்கள் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு மர வாங்குகளில் இருந்தார்கள். செயலாளர் அம்புறோஸ் மாஸ்ரர் மெலிந்த மனிதர், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீந்தியோ வந்தனீங்கள்?"

மார்க்கண்டு கதையைச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். மாஸ்ரர் குறுக்கிடாமல் கேட்டார்.

"பலகை முடிஞ்சுது, தம்பி. நடுவர்மார் பாத்துப்போட்டு ஒப்பமும் வைச்சிட்டினம். இனி நான் ஏத்தினால் மற்றவை என்னைக் கிழிச்சுப் போடுவினம்."

"ஓம்," என்றேன்.

"கொண்டாங்கோ, பாப்பம்."

ஒரு மேசையில் கிடந்த வாழையிலைத் துண்டுகளை எடுத்துத் தன் துவாயால் இரண்டு தரம் துடைத்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பரப்பினேன். அவர் முத்திரைகளைப் பார்க்க முதல் எழுத்தைத்தான் பார்த்தார். வாய் அசைய வாசித்தார். பதினோராம் தாளில் நின்று கண்ணாடியைக் கிட்டப் பிடித்தார்.

"இது சுவீடன் இல்லை. நோர்வே."

குனிந்து பார்த்தேன். நோர்வேதான். நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"மெல்லிசாத் திருத்தி விடட்டோ?"

"வேண்டாம், மாஸ்ரர்."

"எழுதின ஆள் கோவிக்குமோ? மனோகரி எண்டு போட்டிருக்கு. ஆர், உங்கடை மனிசியோ? கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே."

"அவ மோசம் போயிட்டா," என்றேன். "எட்டு மாதம்."

மாஸ்ரர் பென்சிலைத் திரும்பப் பைக்குள் வைத்தார். மிச்ச ஐந்து தாள்களையும் வாசித்தார். அவசரப்படவில்லை. முடிந்ததும் மண்டபத்தின் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

"சாப்பிட்டவை இஞ்சை வாங்கோ. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ."

ஏழெட்டுப் பேர் கையைத் துடைத்தபடி வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். பின்னர் வேறு சிலரும் வந்தார்கள். மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்றவர் குறிப்புகளை வாசித்துக் காட்டினார். வடிவான எழுத்து என்று யாரோ சொன்னது கேட்டது. நான் ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து நின்றேன்.

ஒருவர் பதினோராம் தாளில் விரலை வைத்து, "மாஸ்ரர், இது நோர்வேயெல்லோ," என்றார்.

அம்புறோஸ் மாஸ்ரர் அவரை முழங்கையைப் பிடித்து அடுத்த தாளுக்கு நகர்த்தினார்.